நாலாக்சோன்: சீட்டில் போட்ட துண்டு

கடலூர் பஸ் ஸ்டாண்டில் பாண்டி வண்டி வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டு பறக்கும். துண்டு எங்கும் பயணம் போகப்போவதில்லை. ஆனால் அது கிடக்கிற சீட்டில் இன்னொருவர் உட்கார முடியாது. நாலாக்சோன் என்ற முறிவு மருந்து மூளையில் பார்க்கிற வேலை ஏறக்குறைய இதுதான். மார்ஃபின், ஹெராயின், ஃபென்டனில், டேபென்டடால் போன்ற ஓபியாய்டுகள், அதாவது அபின் வகை வலிமருந்துகளும் போதைப்பொருள்களும், உட்காரும் இடத்தில் இது போய்க் கிடக்கும். தானும் ஒன்றும் செய்யாது, அவற்றையும் உட்கார விடாது. நிற்கப்போன மூச்சு ஓரிரு நிமிடத்தில் திரும்பிவிடும். சிக்கல் என்னவென்றால், துண்டு சீக்கிரமே எடுக்கப்பட்டுவிடும். சீட்டுக்குக் காத்திருந்தவர் அப்போதும் வண்டிக்குள்ளேயே நின்றுகொண்டிருப்பார். இந்த மருந்தைக் கையாளும்போது நேரும் பெரிய தவறுகள் பலவும் இந்த ஒன்றை மறப்பதால் வருபவை.

மூச்சின் தாளம் மூளைத்தண்டில் உருவாகிறது. முகுளத்தில் பிரீ-பாட்ஸிங்கர் தொகுதி என்று ஒரு சிறு நரம்பணுக் கூட்டம் இருக்கிறது. அடுத்த மூச்சை எடு என்று சொல்வது அதுதான். அங்குள்ள அணுக்களின் மேல் மியூ ஏற்பிகள் உண்டு; முன்னே சொன்ன சீட்டுகள் அவைதான். ஓபியாய்டு அந்த ஏற்பியில் அமர்ந்தால் உள்ளே ஜி புரதம் தூண்டப்படும். பொட்டாசியம் வழி திறக்கும், கால்சியம் வழி அடைபடும், அணு அடங்கிப்போகும். ரத்தத்தில் கரியமில வாயு ஏறினால் வேகமாக மூச்சு வாங்க வேண்டும் என்ற இயல்பான உந்துதலும் மழுங்கிவிடும். ஆகவே ஓபியாய்டு அளவுக்கு மீறிப்போன நோயாளி மூச்சுக்குத் திணற மாட்டார், தவிக்க மாட்டார். அமைதியாகத் தூங்குவதுபோல் இருப்பார், குறட்டைகூட விடுவார். நிமிடத்துக்கு 8, பிறகு 5, பிறகு 3 என்று மூச்சு குறையும். "நல்லா தூங்குறான், எழுப்பாதே" என்று வீட்டில் விட்டுவைப்பது இதனால்தான் நடக்கிறது.

வலியை அடக்குவதும் இதே மியூ ஏற்பிதான். இந்த வலி நிவாரணமும் அந்த மூச்சுத் தளர்ச்சியும் ஒரே பூட்டில் மாட்டிய இரண்டு சங்கிலிகள். நாலாக்சோனால் ஒன்றை மட்டும் கழற்ற முடியாது. வயிற்று ஆபரேஷன் முடிந்தவருக்கு ஓர் ஆம்பூலை (மருந்து அடைத்த சிறு கண்ணாடிக் குப்பி) முழுசாக ஒரே தள்ளாகத் தள்ளினால் மூச்சும் வரும், தையல் போட்ட வலி அத்தனையும் சேர்ந்து வரும்.

விஷமும் முறிவும் ஒரே செடியிலிருந்து வருவது இதில் ஒரு வேடிக்கை. குருமாவுக்கு அரைக்கும் கசகசா எந்தச் செடியின் விதையோ, அதன் காயைக் கீறி எடுக்கும் பால்தான் அபின். அபினில் மார்ஃபினோடு தீபெயின் என்றொரு பொருளும் இருக்கிறது. தீபெயினிலிருந்து ஆக்ஸிமார்ஃபோன் என்ற வீரியமான வலிமருந்தைச் செய்யலாம். அந்த மூலக்கூறின் நைட்ரஜனில் ஒரு கார்பன் கொண்ட மீத்தைல் ஒட்டியிருக்கும். அதை எடுத்துவிட்டு மூன்று கார்பன் கொண்ட அல்லைலை ஒட்டினால் நாலாக்சோன். மாறியது ஒரு வால்தான். ஏற்பிக்குள் இரண்டும் ஒரே இடத்தைத்தான் பிடிக்கின்றன. ஆனால் அல்லைல் வால் உள்ளதால், ஏற்பியை வேலை செய்யும் வடிவத்துக்கு இழுக்க நாலாக்சோனால் ஆவதில்லை.

இதற்கு முன்பே 1940-களில் நாலார்ஃபின் வந்திருந்தது. அதுவும் மார்ஃபினை முறிக்கும். ஆனால் அது வெறும் துண்டு அல்ல, பாதி ஆள். கப்பா என்ற இன்னொரு ஏற்பியைத் தானே தூண்டி, பயத்தையும் கெட்ட பிரமைகளையும் கொண்டுவந்தது. நோயாளி மயங்கிக் கிடப்பது தூக்கமாத்திரையால் என்றால் அவருடைய மூச்சை இன்னும் அமுக்கியது. சந்தேகத்தில் போட முடியாத முறிவு மருந்தால் அவசரச் சிகிச்சையில் பெரிய உபயோகம் இல்லை. ஜாக் ஃபிஷ்மனும் மோசஸ் லெவன்ஸ்டைனும் 1961-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த நாலாக்சோன் அந்தக் குறையைத் தீர்த்தது. உடம்பில் ஓபியாய்டு இல்லாதவருக்குப் போட்டால் கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் ஏறக்குறைய எதுவும் இராது. அமெரிக்காவில் 1971-இல் அனுமதி கிடைத்தது, 1983-இல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஏறியது. இந்தியாவின் தேசியப் பட்டியலிலும் இருக்கிறது. 1978-இல் பல் பிடுங்கியவர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், வெறும் உப்புநீர் ஊசியை நம்பி வலி குறைந்தவர்களுக்கு நாலாக்சோன் கொடுத்தபோது வலி திரும்பியது. நம்பிக்கையால் வரும் நிவாரணத்திலும் உடம்பே சுரக்கும் ஓபியாய்டுகளுக்குப் பங்கு உண்டு என்பதற்கு அது ஆதாரமாயிற்று. அது வேறு கதை.

கண் பாவை சொல்லும் பாதி உண்மை

ஓபியாய்டு மிகை (ஓவர்டோஸ்) என்றதும் புத்தகம் சொல்வது மூன்று: நினைவு தப்பும், மூச்சு குறையும், கண் பாவை குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கும். இந்த மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு கடலூர் மாவட்டத்து கேஷுவாலிட்டியில் நின்றால் தடுமாற வேண்டியிருக்கும். பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பக்கத்திலிருந்து நினைவில்லாமல், பாவை சுருங்கி, மூச்சு கெட்டு வருகிறவரிடம் முதலில் சந்தேகிக்க வேண்டியது பூச்சிமருந்து. ஆர்கனோபாஸ்பரஸ் வகை மருந்தும் பாவையைக் குண்டூசி முனையாக்கும். பிரித்தறிய வழி உண்டு. பூச்சிமருந்து குடித்தவர் நனைந்திருப்பார்: வாயில் எச்சில் நுரை, கண்ணீர், வியர்வை, மார்பில் களகளவென்று சளிச் சத்தம், தசைத் துடிப்பு, கழிச்சல், பூண்டு மாதிரி வாடை. ஓபியாய்டு எடுத்தவர் காய்ந்திருப்பார், குடல் சத்தம் அடங்கியிருக்கும், நுரையீரல் பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். முன்னவருக்கு வேண்டியது அட்ரோபின். அவருக்கு நாலாக்சோன் போட்டுவிட்டு மாற்றத்துக்காகக் காத்திருந்தால், மருந்து கெடுக்காது, போன நேரம் கெடுக்கும்.

பாவை சுருங்காததால் ஓபியாய்டு இல்லை என்று முடிவுகட்டவும் கூடாது. பெத்திடின், டிராமடால் என்ற ஓபியாய்டுகளை எடுத்தவர்களிடம் பாவை சாதாரணமாகவே இருக்கலாம். ஆக்சிஜன் இல்லாமல் மூளை நெடுநேரம் தவித்திருந்தால் பாவை விரிந்தே போகும். நம்பக்கூடிய அடையாளம் மூச்சின் எண்ணிக்கை. கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும்; 12-க்குக் கீழ் என்றால் கவனம். விரலில் மாட்டிய ஆக்ஸிமீட்டர் 98 காட்டுகிறது என்று நிம்மதி அடையக் கூடாது. ஆக்சிஜன் முகமூடி போட்டவருக்கு, கரியமில வாயு உள்ளே தேங்கிக்கொண்டிருக்கும்போதுகூட அந்த எண் அழகாகத்தான் நிற்கும். விரல் நுனியில் குத்திச் சர்க்கரையையும் பார்த்துவிட வேண்டும்.

கடலூர்-புதுச்சேரி எல்லையிலுள்ள ஆல்பேட்டை சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கத்துக்காரர்கள் அந்தப் பக்கம் எதற்குப் போகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். சரக்கோடு மாத்திரையும் சேர்ந்தால் மூச்சை இரண்டு கைகள் சேர்ந்து அமுக்குகின்றன. நாலாக்சோன் அகற்றுவது அதில் ஒரு கையைத்தான். சாராயத்துக்கும் தூக்கமாத்திரைக்கும் மியூ ஏற்பியோடு சம்பந்தமில்லை. ஆகவே மருந்து போட்டதும் மூச்சு 6-இலிருந்து 14-க்கு ஏறியும் ஆள் கண்விழிக்கவில்லை என்றால் மருந்து தோற்றதாக அர்த்தமில்லை; ஓபியாய்டின் பங்கு முறிந்துவிட்டது, மிச்சம் வேறு எதனாலோ. அந்த இடத்தில் ஆம்பூல் மேல் ஆம்பூல் உடைப்பது வீண்.

முதலில் காற்று, பிறகு ஊசி

ஊசியைத் தேடுவதற்கு முன்னால் தாடையைத் தூக்கி, ஆம்பு பையால் காற்று கொடுக்க வேண்டும். உயிரைக் காப்பது காற்றுதான் என்பது ஒரு காரணம். இன்னொன்று அவ்வளவாகப் பேசப்படாதது: கரியமில வாயு ஏறிய உடம்பில் அட்ரினலின் வெடிக்கத் தயாராக இருக்கும், ஓபியாய்டுதான் அதை அமுக்கி வைத்திருக்கும். அந்த நிலையில் நாலாக்சோன் திடீரென்று ஓபியாய்டை விரட்டினால் ரத்த அழுத்தம் எகிறும், இதயத் துடிப்பு தாறுமாறாகும், சிலருக்கு நுரையீரலில் நீர் கோத்து வாயில் இளஞ்சிவப்பு நுரை வரும். இரண்டு மூன்று நிமிடம் பையை அழுத்திக் கரியமில வாயுவை வெளியேற்றிவிட்டுப் போட்டால் இந்த ஆபத்து குறைகிறது.

நம் ஆஸ்பத்திரிகளில் வழக்கமாகக் கிடைப்பது 1 மி.லி. ஆம்பூல், அதில் 0.4 மி.கி. மூச்சு முழுதாக நின்றுவிட்டவருக்கு 0.4 முதல் 2 மி.கி. வரை நேரடியாக நரம்பில் (அதாவது ரத்தக் குழாயில்) போடலாம். 2-3 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பப் போடலாம். மொத்தம் 10 மி.கி. போட்டும் அசைவில்லை என்றால் நோயைத் தவறாகக் கணித்திருக்கிறோம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். நாடித்துடிப்பே இல்லை என்றால் நெஞ்சை அழுத்துவதும் காற்றும்தான் முதல் வேலை, இந்த மருந்து அதற்குப் பிறகு.

மூச்சு கொஞ்சமாவது இருக்கிறவருக்கு, அதிலும் பழக்கத்துக்கு அடிமையானவர் அல்லது புற்றுநோய்க்கு நெடுநாளாக மார்ஃபின் சாப்பிடுகிறவர் என்றால், ஆம்பூலை அப்படியே ஏற்றக் கூடாது. 10 மி.லி. சிரிஞ்சில் ஓர் ஆம்பூலை உறிஞ்சி, 9 மி.லி. நார்மல் சலைன் சேர்த்தால் 1 மி.லி.க்கு 0.04 மி.கி. ஆகிறது. இதில் 1 மி.லி. போட்டு 2-3 நிமிடம் பொறுத்து மூச்சை எண்ண வேண்டும். போதவில்லை என்றால் இன்னொரு 1 மி.லி., பிறகு 2 மி.லி. என்று ஏற்றலாம். எட்ட வேண்டியது நிமிடத்துக்கு 12 மூச்சு. ஆள் எழுந்து உட்கார்ந்து பேசுவது இலக்கே அல்ல. அரைத்தூக்கத்தில், தட்டினால் கண்ணைத் திறந்து, தானாக மூச்சு விடுகிறார் என்றால் அதுதான் சரியான அளவு. சொந்தக்காரர்கள் கண்முன்னால் ஆளை எழுப்பிக் காட்டும் ஆசைதான் இங்கே எதிரி.

அளவு மீறினால் என்ன ஆகும்? பழகிய ஓபியாய்டு நின்றால் வந்து, சாதாரணமாகச் சில நாள் எடுத்து அடங்கும் விலகல் அவஸ்தை முழுவதும் இரண்டு நிமிடத்துக்குள் சுருங்கி வரும். வாந்தி, கழிச்சல், நடுக்கம், மூர்க்கம். பாதி மயக்கத்தில் மல்லாந்து கிடப்பவர் வாந்தி எடுத்தால் அது நுரையீரலுக்குள் இறங்கும். அதனால் மருந்து போடும்போதே இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, சக்ஷன் குழாயை ஓடவிட்டுக் கையில் வைத்திருக்க வேண்டும். நியூயார்க் மாநிலப் போலீசார் 4 மி.கி., 8 மி.கி. என இரு அளவு மூக்கு ஸ்ப்ரேக்களைப் பயன்படுத்தியதை ஒப்பிட்டு 2024-இல் வெளியான அறிக்கையில், பிழைத்தவர்களின் விகிதத்தில் வித்தியாசம் இல்லை. 8 மி.கி. வாங்கியவர்களிடம் வாந்தியும் விலகல் அறிகுறிகளும்தான் கூடுதல்.

மூக்கு ஸ்ப்ரே என்றதும் நம் ஊரில் ஒரு யோசனை வரும்: ஆம்பூலையே உடைத்து மூக்கில் ஊற்றினால் என்ன? கணக்கு உதைக்கும். ஒரு மூக்குத் துளை தாங்குவது 0.2 அல்லது 0.3 மி.லி. திரவம். தயாராக வரும் ஸ்ப்ரேயில் 4 மி.கி. மருந்து வெறும் 0.1 மி.லி.க்குள் அடங்கியிருக்கிறது. நம் ஆம்பூலில் 2 மி.கி. வேண்டுமென்றால் 5 ஆம்பூல், 5 மி.லி. அதில் பெரும்பகுதி தொண்டை வழியே வயிற்றுக்குப் போகும். வயிற்றுக்குப் போன நாலாக்சோனைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே சிதைத்துவிடும், ரத்தத்துக்கு மிஞ்சுவது நூற்றுக்கு இரண்டு பங்கு. நரம்பு கிடைக்காவிட்டால் தொடைத் தசையில் 0.4 மி.கி. போடுவதே சரி, 2-5 நிமிடத்தில் வேலை தொடங்கும்.

இந்தக் குறைபாட்டையே உபயோகமாக்கிய மாத்திரை ஒன்று உண்டு. போதை மறுவாழ்வு மையங்களில் நாக்கின் அடியில் வைக்கத் தரும் புப்ரெனார்ஃபின் மாத்திரையில் 2 மி.கி.க்கு 0.5 மி.கி. நாலாக்சோன் கலந்திருக்கும். நாக்கின் அடியில் நாலாக்சோன் சரியாக ஏறாது, எனவே தொந்தரவில்லை. பொடித்துக் கரைத்து நரம்பில் ஏற்றினால் அதுவும் முழுசாக ஏறி விலகல் அவஸ்தையை வரவழைக்கும்.

ஒரு மணி நேரக் கணக்கு

நாலாக்சோன் கொழுப்பில் எளிதாகக் கரையும். அதனால் நரம்பில் போட்ட 1-2 நிமிடத்தில் மூளைக்குள் நுழைகிறது. அதே வேகத்தில் வெளியேறவும் செய்கிறது. கல்லீரல் அதைக் குளுக்கூரோனைடு என்ற பொருளாக மாற்றிக் கழிக்கிறது. ரத்தத்தில் பாதியாகக் குறையும் நேரம் பெரியவர்களுக்கு 30 முதல் 81 நிமிடம், பிறந்த குழந்தைக்குச் சுமார் 3 மணி. வேலை நீடிப்பது 30-90 நிமிடம். எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். டேபென்டடால் பாதியாகக் குறைய 4 மணி நேரம், நீடித்து வேலை செய்யும் வகை என்றால் அதற்கும் மேல். மெத்தடோனுக்கு ஒரு நாளும் ஆகலாம். மார்ஃபின் தானே 2-3 மணியில் குறைந்தாலும், உடம்பு அதிலிருந்து செய்யும் இன்னொரு வீரியமான பொருள் சிறுநீரகம் கெட்டவரிடம் நாள்கணக்கில் தேங்கும். விழுங்கிய மாத்திரை இன்னும் மோசம்: ஓபியாய்டு குடலை மந்தமாக்குவதால் பாதி மாத்திரை உள்ளேயே கிடக்கும். நாலாக்சோன் குடலையும் எழுப்பிவிடும், மீதி மருந்து அதற்குப் பிறகுதான் ரத்தத்தில் ஏறும்.

புதுச்சேரியில் ஊசி போட்டு எழுந்த ஒருவர், "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று கையெழுத்துப் போட்டுக்கொடுத்துவிட்டுக் கடலூர் வண்டி ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பாலத்தைத் தாண்டி ஊருக்குள் நுழையும் நேரத்தில் துண்டு எடுக்கப்பட்டிருக்கும். பக்கத்துச் சீட்டுக்காரருக்கு அவர் தூங்குவதாகத்தான் தோன்றும். ஆகவே கடைசி டோஸ் போட்டதிலிருந்து குறைந்தது 2 மணி நேரமாவது படுக்கையில் வைத்துப் பார்க்க வேண்டும். நீடித்து வேலை செய்யும் மாத்திரை, மெத்தடோன், தண்டுவடத்தில் போட்ட மார்ஃபின் என்றால் 24 மணி நேரம். கேஸ் ஷீட்டில் அளவை மட்டும் எழுதினால் போதாது, மணியையும் நிமிடத்தையும் எழுத வேண்டும். டியூட்டி மாறி வரும் சிஸ்டருக்கு அந்த நிமிடம்தான் தேவை.

மறுபடி மறுபடி மூச்சு இறங்குகிறவருக்கு டிரிப்பில் ஓடவிட வேண்டும். விதி எளியது: ஆளை மீட்க மொத்தம் எவ்வளவு தேவைப்பட்டதோ அதில் மூன்றில் இரண்டு பங்கு ஒவ்வொரு மணிக்கும். 0.4 மி.கி.யில் மூச்சு வந்தது என்றால் மணிக்கு 0.27 மி.கி. ஐந்து ஆம்பூலை 500 மி.லி. சலைனில் கலந்தால் 1 மி.லி.யில் 0.004 மி.கி.; எனவே மணிக்கு 67 மி.லி. பம்ப் இல்லையென்றால், 20 சொட்டு 1 மி.லி. ஆகும் சாதாரண செட்டில் நிமிடத்துக்கு 22 சொட்டு. டிரிப் தொடங்கி 15 நிமிடத்தில், முதல் அளவில் பாதியை, அதாவது 0.2 மி.கி.யைத் தனியாகப் போட வேண்டும். முதல் ஊசி இறங்கி டிரிப் இன்னும் ஏறாத அந்த இடைவெளியில்தான் மூச்சு மறுபடி சரியும். கலந்த பாட்டிலை 24 மணிக்கு மேல் வைக்கக் கூடாது. டிரிப்பை நிறுத்திய பிறகும் சில மணி நேரம் மூச்சை எண்ண வேண்டும்.

நீண்ட நேரம் நிற்கும் முறிவு மருந்து ஒன்று இருந்தால் இந்தத் தலைவலி தீராதா? நால்மெஃபின் அப்படிப்பட்டதுதான். அதன் மூக்கு ஸ்ப்ரே 2023-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் அளவு தப்பினால் விலகல் அவஸ்தையும் மணிக்கணக்கில் நிற்கும். குறைந்த ஆயுள் நாலாக்சோனுக்குப் பலவீனம் மட்டுமல்ல; பிசகினால் ஒரு மணி நேரத்தில் சரியாகிவிடும் என்ற பாதுகாப்பும் அதில் இருக்கிறது.

சொன்னபடி கேட்காதவை

புப்ரெனார்ஃபின் சீட்டில் சம்மணமிட்டு உட்காருகிற ஆள். மியூ ஏற்பியை அவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கும், மெதுவாகத்தான் விடும். நாலாக்சோன் போட்டிபோடும் மருந்து, எண்ணிக்கையால் ஜெயிப்பது, இங்கே 0.4 மி.கி. போதாது, 2 மி.கி.யோ அதற்கு மேலோ, டிரிப்போடு தேவைப்படும். பலனும் தாமதமாகத்தான் தெரியும்.

டிராமடாலுக்கு இரண்டு முகம். ஒன்று மியூ ஏற்பி, இன்னொன்று செரடோனின், நார்அட்ரினலின். நாலாக்சோன் முதல் முகத்தை மட்டும் மறைக்கும். வலிப்பு வருவது இரண்டாவதால், அது அப்படியே நிற்கும், சிலருக்குக் கூடலாம். பெத்திடின் சிதைந்து உண்டாகும் நார்பெத்திடினாலும் வலிப்பு வரும், அதற்கும் நாலாக்சோன் பதில் சொல்லாது. வலிப்புக்கு லோராசிபாம் போன்ற தனி மருந்துதான். வயிற்றுப்போக்குக்குத் தரும் லோபரமைடை அளவுக்கு மீறி விழுங்கினால் இதயத்தின் மின்னோட்டம் கெடும். மூச்சு சரியானாலும் இ.சி.ஜி. பார்க்காமல் விடக்கூடாது.

டேபென்டடால் மாத்திரையைப் பொடித்து நரம்பில் ஏற்றிக்கொள்கிறவர்களிடம் இன்னொரு சிக்கல். மாத்திரை முழுவதும் மருந்தல்ல. கெட்டியாக்கச் சேர்த்த டால்க், செல்லுலோஸ் துகள்கள் கரையாமல் நுரையீரலின் நுண்குழாய்களில் போய் அடைக்கும். நாலாக்சோன் போட்டு மூச்சு 16-க்கு வந்தும் ஆக்சிஜன் அளவு 85-லேயே நின்றால் மூளைத்தண்டை விட்டுவிட்டு நெஞ்சைப் பார்க்க வேண்டும், எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

வலிக்கு மார்ஃபின் சாப்பிடும் புற்றுநோய் நோயாளியின் வீட்டார் இதைப் படித்துப் பயந்து மருந்தைக் குறைத்துவிடக் கூடாது. டாக்டர் சொன்ன அளவில் படிப்படியாக ஏற்றியவருக்கு மூச்சு நிற்பது அரிது. சிறுநீர் குறைந்து, ஆள் நாளுக்கு நாள் கூடுதலாகத் தூங்கி, கைகால் திடுக் திடுக்கென்று துள்ளினால் உடனே டாக்டரைக் கேட்க வேண்டும். மருந்து உடம்பில் தேங்குகிறது. மூச்சு நிமிடத்துக்கு 8-க்குக் கீழ் போய், தோளைப் பிடித்து உலுக்கியும் எழவில்லை என்றால் 108.

கேஷுவாலிட்டிக்கு அப்படி ஒருவர் வந்து, ஊசியில் எழுந்து அரைமணியில் மறுபடி சரிகிறார் என்றால், சட்டையைக் கழற்றி முதுகு, தோள், மேல்கை எல்லாம் பார்க்க வேண்டும். ஃபென்டனில் பட்டை, ஒளி ஊடுருவும் பிளாஸ்டர் மாதிரி, தோலோடு தோலாக ஒட்டியிருக்கும். பழையதை எடுக்காமல் புதியதை ஒட்டியிருப்பதும் உண்டு. காய்ச்சல், வெந்நீர்ப் பை, மே மாத வெயில் எதுவானாலும் சூடு ஏறினால் பட்டையிலிருந்து மருந்து கூடுதலாக இறங்கும். பிய்த்து எடுத்து அந்த இடத்தை வெறும் தண்ணீரால் துடைக்க வேண்டும், சோப்போ ஸ்பிரிட்டோ கூடாது. பட்டையைப் பசை உள்பக்கமாக வரும்படி மடித்துக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்த வேண்டும். எடுத்த பிறகும் தோலின் அடியில் சேர்ந்திருக்கும் மருந்து ரத்தத்தில் பாதியாகக் குறைய 17 மணி நேரத்துக்கு மேல் ஆகும். டிரிப்பை அவசரப்பட்டு நிறுத்தக் கூடாது.